மண்ணுக்குள் விளைவதெல்லாம் வேர் அன்று

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் அண்மையில் வெளிவந்த, நாம் உண்ணும் தாவர உறுப்புகளைப் பற்றிய அட்டவணையில், வேர் என்ற தலைப்பின்கீழ் கேரட், முள்ளங்கி ஆகியவற்றோடு உருளைக்கிழங்கு, இஞ்சி, மஞ்சள், வெங்காயம், நிலக்கடலை ஆகியவையும் சேர்க்கப்பட்டிருந்தன. பிற்சேர்க்கப்பட்ட இந்த ஐந்தில் ஒன்றுகூட வேர் அன்று. மூன்று தண்டு, ஒன்று பெரும்பகுதி இலை, ஒன்று கனி. மண்ணுக்குள்ளிருந்து தோண்டி எடுக்கிறோம் என்ற ஒரே காரணத்தால் ஐந்தும் ஒரே கட்டத்துக்குள் வந்துவிட்டன. பள்ளித் தேர்வுகளிலும் இதே பிழையைப் பார்த்திருக்கிறேன். உருளைக்கிழங்கு தண்டு என்று சரியாக எழுதிய மாணவனுக்கு மதிப்பெண் மறுக்கப்பட்டதும், விடைக்குறிப்பில் வேர் என்று இருப்பதால் தன்னால் ஒன்றும் செய்ய இயலாது என்று திருத்தியவர் சொன்னதும் நான் நேரில் அறிந்தவை. அதனால் இதனை ஓர் அச்சுப்பிழையாகக் கருதி விட்டுவிட மனம் வரவில்லை.

பூக்கும் தாவரத்தின் உடலில் அடிப்படையாக இருப்பவை வேர், தண்டு, இலை என்னும் மூன்று உறுப்புகளே. பூ என்பது வளர்ச்சி குறுகிய ஒரு தண்டின்மேல் இலைக்கு ஒப்பான உறுப்புகள் நெருங்கி அமைந்த தொகுதி. இந்த மூன்றும் சூழலுக்கும் தேவைக்கும் ஏற்ப உணவைச் சேமிக்கவும், பற்றி ஏறவும், முள்ளாகிக் காக்கவும், மூச்சு விடவும் உருமாறிக்கொள்கின்றன. வேலை மாறும்போது வடிவமும் நிறமும் பருமனும் அடியோடு மாறிவிடுகின்றன. ஆகவே அவற்றை வைத்து உறுப்பை அடையாளம் காண முயல்கிறவர் தவறாமல் ஏமாறுவார். மாறாமல் நிற்பது, அந்த உறுப்பு செடியின் எந்த இடத்தில் தோன்றுகிறது, அதன்மேல் வேறு எவை எந்த ஒழுங்கில் தோன்றுகின்றன என்னும் அமைவு மட்டுமே. தண்டில் கணு உண்டு. கணுவில் இலை உண்டு, அது வெறும் செதிலாகச் சுருங்கியிருந்தாலும் உண்டு. அந்த இலைக்கும் தண்டுக்கும் இடைப்பட்ட கோணத்தில் ஒரு மொட்டு உண்டு. வேரில் கணுவும் இல்லை, இலையும் இல்லை. இலையின் கோணத்தில் மொட்டு இருக்கும், இலையின் மேல் பொதுவாக இராது. பாடநூலின் ஒரு முழு அத்தியாயத்தை இந்த நான்கைந்து வரிகளை வைத்துக்கொண்டு ஒரு மாணவன் தானே எழுதிவிடலாம்.

ஓர் உருளைக்கிழங்கைக் கையில் எடுத்துப் பார்த்தாலே இது விளங்கும். ஒரு நுனியில், தாய்ச்செடியோடு அதனை இணைத்திருந்த மெல்லிய காம்பின் தழும்பு தெரியும். அதற்கு எதிர்நுனியில் குழிகள் நெருக்கமாக இருக்கும். தழும்பை நோக்கி வரவர அவை தள்ளித்தள்ளி அமைந்திருக்கும். நூல் ஒன்றைத் தழும்பிலிருந்து தொடங்கிக் குழிகளின் வழியே சுற்றிக்கொண்டே போனால் அது ஒரு திருகுச் சுற்றாக நுனியை அடையும். செடியின் தண்டில் இலைகள் அமையும் அதே ஒழுங்கு. குழி ஒவ்வொன்றின் ஓரத்திலும் புருவம்போல் ஒரு வளைந்த கோடு இருக்கிறதே, அதுதான் உதிர்ந்துபோன செதிலிலையின் தழும்பு. குழிக்குள் இருப்பது அந்த இலையின் கோணமொட்டு. மண்ணுக்கடியில் கிடைமட்டமாக ஓடிய ஒரு தண்டின் நுனி மாவுச்சத்தைச் சேர்த்துப் பருத்ததே உருளைக்கிழங்கு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

சர்க்கரைவள்ளியை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரு புறமும் கூம்பிய உடல், ஆங்காங்கே மெல்லிய கிளைவேர்கள் அல்லது அவை அறுந்த புள்ளிகள். கணு இல்லை, செதில் இல்லை, புருவக்கோடு இல்லை. முளை விடும்போதும் காம்புப் பக்கத்திலிருந்து பெரும்பாலும் ஒழுங்கின்றிக் கொத்தாக விடும். இது வேர். இரண்டும் ஒரே வேலையைச் செய்கின்றன, ஒரே கூடையில் விற்கின்றன, ஒரே மாதிரி வேகின்றன. ஆனால் உறுப்பு வேறு.

இதனால் உழவருக்கு என்ன என்று கேட்கலாம். அவருடைய வேலை முழுவதும் இதில்தான் இருக்கிறது. உருளையை நடுகிறவர் கிழங்கைத் துண்டு போடும்போது துண்டுக்கு ஒரு கண்ணாவது இருக்குமாறு பார்த்து வெட்டுகிறார்; முழுக்கிழங்கில் நுனிமொட்டு முந்திக்கொண்டு மற்ற மொட்டுகளை அடக்கி வைத்திருக்கும், வெட்டிப் பிரித்துவிட்டால் அந்த ஆதிக்கம் நீங்கி ஒவ்வொரு துண்டும் முளைக்கும். நீலகிரியில் உருளைச் செடிக்கு மண் அணைப்பதன் காரணமும் இதுவே: கிழங்கு கட்ட வேண்டிய அந்தத் தண்டு வெளிச்சத்துக்கு வந்துவிட்டால் இலை விட்டு மேலே வளர்ந்துவிடும், தலைகாட்டிய கிழங்கு பச்சை பிடித்துவிடும். பச்சை பிடித்த கிழங்கைச் சமைக்கக் கூடாது என்பதை இங்கே ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். பச்சை நிறம் தானே நஞ்சன்று, ஆனால் அதே வெளிச்சத்தில் சோலனின் என்னும் கசப்பு நஞ்சும் உடன் பெருகுகிறது. சர்க்கரைவள்ளிக்காரரோ கிழங்கை வயலில் நடுவதில்லை, கொடித்துண்டை நடுகிறார். கொடி படர்ந்தபின் அதைத் தூக்கித் திருப்பி விடுகிறார், இல்லையென்றால் கணுவுக்குக் கணு வேர் இறங்கி அடிக்கிழங்கு சிறுத்துவிடும். மரவள்ளியில் இது இன்னும் தெளிவு. சேலம், நாமக்கல் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்கு வண்டி வண்டியாகப் போகும் அந்தக் கிழங்கில் முளைக்கத் தக்க மொட்டே இல்லை. அதை எத்தனை முறை புதைத்தாலும் அழுகும், செடி வராது. நடுவது குச்சியைத்தான்.

மஞ்சளும் இஞ்சியும் மட்டநிலத்தண்டுகள், அதாவது மண்ணுக்குள் கிடைமட்டமாக வளரும் தண்டுகள். ஈரோட்டுச் சந்தையில் விரலி என்றும் கிழங்கு என்றும் பிரித்து விற்கப்படுவதில் கிழங்கு தாய்த்தண்டு, விரலி அதன் கோணமொட்டுகளிலிருந்து கிளைத்த பக்கத்தண்டு. பச்சை மஞ்சளின்மேல் வளையம் வளையமாகத் தெரிபவை கணுக்கள், அவற்றில் காய்ந்து ஒட்டியிருப்பவை செதிலிலைகள். சேனையும் சேப்பங்கிழங்கும் நிமிர்ந்து பருத்த அடித்தண்டுகள். சேனையில் ஒரு வேடிக்கை உண்டு: தோட்டத்தில் தண்டு என்று நாம் நினைக்கும் அந்தப் புள்ளி விழுந்த தடித்த பச்சைக்கோல் தண்டன்று, இலைக்காம்பு, மேலே குடையாக விரிந்திருப்பது முழுவதும் பலவாகப் பிளந்த ஒரே இலை. வெங்காயத்தை நெடுக்காகப் பிளந்தால் அடியில் வேர்கள் தொங்கும் ஒரு சிறிய வட்டு இருக்கும். அந்த வட்டுதான் தண்டு, அதன்மேல் ஒன்றையொன்று மூடியிருக்கும் சதைப்பற்றுள்ள அடுக்குகள் இலைகளின் அடிப்பகுதிகள். அடிவட்டை அரிந்துவிட்டால் அடுக்குகள் தனித்தனியே கழன்று விடுவதைச் சமையலறையில் நாள்தோறும் காண்கிறோம். பூண்டில் ஒவ்வொரு பல்லும் ஒரு கோணமொட்டு. அதனால்தான் பல்லை ஊன்றினால் செடி வருகிறது.

நிலக்கடலையைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் அந்த ஐந்தில் இதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தந்த பிழை. மானாவாரி நிலம் பார்த்த எந்தக் குடும்பத்திலும் ஒரு பத்து வயதுப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கும் செய்தி இது: கடலைச்செடியின் மஞ்சள்பூ மண்ணுக்கு மேலேதான், இலைக்கோணத்தில் பூக்கிறது. தன் மகரந்தத்தாலேயே கருவுற்று வாடியதும் சூலகத்தின் அடிப்பகுதி நீளத் தொடங்கி, கருவுற்ற சூல்களை நுனியில் தாங்கிக்கொண்டு கீழ்நோக்கி வளர்ந்து மண்ணைத் துளைத்து இறங்குகிறது. உழவர்கள் இதனை விழுது இறங்குதல் என்பார்கள். வேரைப்போலவே புவியீர்ப்பை நோக்கிப் போனாலும் இது வேர் அன்று, பூவின் ஒரு பகுதி. சில அங்குல ஆழம் சென்றதும் நுனி கிடைமட்டமாகத் திரும்பி, இருட்டில் காயாகப் பருக்கிறது. மண்ணை எட்டாத விழுது காயாவதில்லை. எனவேதான் பூத்துக் குலுங்கும் வேளையில் மண்ணை இளக்கி அணைத்துவிட வேண்டும் என்பதும், விழுது இறங்கிய பின் களைக்கொத்தை வயலுக்குள் கொண்டுபோகக் கூடாது என்பதும் விதியாயின.

இதில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. செடிக்குள் சுண்ணாம்புச்சத்து நீரோட்டத்தோடு மட்டுமே மேலேறுகிறது. இலைகள் நீரை ஆவியாக்கி இழுப்பதால் அது இலைகளுக்குப் போய்ச் சேர்ந்து அங்கேயே தங்கிவிடுகிறது, திரும்பிக் கீழே வருவது மிகக் குறைவு. மண்ணுக்குள் இருக்கும் காய் நீரை ஆவியாக்குவதில்லை. அதனால் வேர் உறிஞ்சிய சுண்ணாம்புச்சத்து அதற்குக் கிடைப்பதில்லை. காய் தன் தோலின் வழியாகவே சுற்றியுள்ள மண்ணிலிருந்து அதை நேரடியாக எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. சுண்ணாம்புச்சத்து அடங்கிய ஜிப்சத்தை எக்டேருக்கு 400 கிலோ இட்டு மண் அணைக்குமாறு வேளாண் துறையினர் பரிந்துரைப்பதன் அடிப்படை இதுதான். காய் உருவாகும் மேல்மண்ணிலேயே அந்தச் சத்து இல்லாவிட்டால் செடி செழித்திருக்கும், காய் பொக்காகும். நிலக்கடலை ஒரு கனி என்று தெரிந்தவருக்கு இந்தப் பரிந்துரை விளங்கும். வேர் என்று மனப்பாடம் செய்தவருக்கு அது விளங்காத ஒரு சடங்காகவே இருக்கும்.

மண்ணுக்கு மேலேயும் இதே குழப்பம் உண்டு. கறிவேப்பிலைக் கொத்து ஒன்றையும் கீழாநெல்லியின் சிறுகிளை ஒன்றையும் அருகருகே வைத்தால் இரண்டும் ஒரே அமைப்பாகத் தோன்றும்: நடுவில் ஓர் ஈர்க்கு, இரு புறமும் சிற்றிலைகள். ஆயினும் கறிவேப்பிலையில் அந்தக் கொத்து முழுவதும் ஒரே இலை. சிற்றிலைகளின் கோணத்தில் எங்கும் மொட்டு இல்லை, கொத்து கிளையோடு சேருமிடத்தில் மட்டுமே இருக்கிறது. முருங்கையில் கிளைபோல் நீண்டு மும்முறை பிரிந்து நிற்கும் ஒன்றரை அடி நீளப் பகுதியும் இவ்வாறே ஓர் இலைதான். கீழாநெல்லியைத் திருப்பிப் பாருங்கள். ஒவ்வொரு சிற்றிலையின் கோணத்திலும் கடுகளவுப் பூவோ காயோ தொங்கும். பூவைத் தாங்கியிருப்பதால் அந்த ஈர்க்கு தண்டு. அதன் இரு புறமும் இருப்பவை தனித்தனி இலைகள். பெருநெல்லி மரத்திலும் இதே அமைப்பு. அங்கே அந்தச் சிறுகிளை இலையைப்போல நடித்து, இலையைப்போலவே முழுதாக உதிர்ந்தும் விடுகிறது. இந்த விதிக்கு விலக்கு இல்லாமலும் இல்லை. கட்டிப்போட்டால் குட்டிபோடும் என்று நாம் அழைக்கும் ரணகள்ளியின் இலை விளிம்பிலேயே மொட்டுத் தோன்றிக் குட்டிச்செடி வருகிறது. விலக்கைக் காட்டினால்தான் மாணவர்களுக்கு விதியின்மேல் மதிப்பு வரும் என்பது என் கருத்து.

கடற்கரைச் சவுக்குத்தோப்பில் ஊசி இலை என்று எல்லாரும் சொல்வது இலை அன்று. அந்த ஊசியை இரு கைகளாலும் பிடித்து இழுத்தால் ஒரு கணுவில் துல்லியமாக அறுந்துவிடும். அறுந்த இடத்தில் வட்டமாக ஆறு முதல் எட்டு வரை நுண்ணிய பற்கள் இருக்கும். ஒரு சாதாரண உருப்பெருக்கிக் கண்ணாடியே போதும். இலைகள் என்று இந்த மரத்துக்கு மிஞ்சியிருப்பவை அந்தப் பற்கள்தான். ஒளிச்சேர்க்கை வேலையைப் பச்சைத்தண்டே செய்கிறது. மூச்சுத்துளைகள் தண்டின் வரிப்பள்ளங்களுக்குள் ஒளிந்திருப்பதால் உப்புக்காற்றிலும் வெயிலிலும் நீரிழப்புக் குறைகிறது. சப்பாத்திக்கள்ளியின் தட்டையான பச்சைப்பகுதியும் இத்தகைய தண்டே. அது இலை என்று வாதிடுகிறவர்களுக்கு இளங்குருத்து ஒன்றைக் காட்டினால் போதும். அதில் சிறு கூம்புகளாக உண்மையான இலைகள் சில நாட்கள் இருந்து உதிர்ந்துவிடுவதைப் பார்க்கலாம்.

மூன்று உறுப்புகளின் உருமாற்றத்தையும் ஒரே செடியில் காட்ட வேண்டுமானால் தண்ணீர்விட்டான் கொடிக்கு இணை இல்லை. பாடநூல்கள் இலைபோன்ற தண்டுக்கு எடுத்துக்காட்டாக ரஸ்கஸ் என்னும், நம் பிள்ளைகள் ஒருநாளும் கண்ணால் பார்க்காத ஐரோப்பியச் செடியைக் காட்டுகின்றன. வேலியோரத்தில் படர்ந்திருக்கும் தண்ணீர்விட்டானை விட்டுவிட்டு ஏன் அங்கே போக வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. அதன் மெல்லிய பச்சை ஊசிகள் தண்டுகள். இலையோ, கணுவில் சற்றே பின்னோக்கி வளைந்த ஒரு முள்ளாகிவிட்டது. அந்த முள்ளின் கோணத்திலிருந்துதான் ஊசிகள் கொத்தாகக் கிளம்புகின்றன. தோண்டினால் சித்த மருந்துக்கடைகளில் விற்கும் நீண்ட வெண்மையான கிழங்குகள் கொத்துக்கொத்தாக வரும். அவை நீரும் உணவும் சேமித்த வேர்கள். வேர் கிழங்காகவும், தண்டு இலையாகவும், இலை முள்ளாகவும் ஒரே கொடியில் வேலையை மாற்றிக்கொண்டிருக்கின்றன.

முள் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. எலுமிச்சை முள் இலைக்கோணத்தில் இருப்பதால் அது உருமாறிய தண்டு. கருவேலமுள் இலையின் அடியில் இரட்டையாக இருப்பதால் அது இலையடிச்செதில். இலந்தையிலும் அப்படியே, அங்கே ஒன்று நேராகவும் மற்றது கொக்கியாகவும் வளைந்திருக்கும். ரோஜாவின் முள்ளுக்கோ இத்தகைய இட ஒழுங்கு எதுவும் இல்லை. அது தோலின் வளர்ச்சி மட்டுமே, பெருவிரலால் பக்கவாட்டில் அழுத்தினால் சுத்தமாகப் பெயர்ந்து விழும். எலுமிச்சை முள்ளை அப்படிப் பெயர்க்க முடியாது, மரத்தின் நார்கள் அதற்குள் ஓடுகின்றன. பற்றுக்கம்பிகளும் இவ்வாறே: செங்காந்தளில் இலையின் நுனியே சுருண்டு பற்றுகிறது; பட்டாணியில் சிற்றிலைகள் அந்த வேலைக்கு மாறியிருக்கின்றன; பிரண்டையில் அது இலைக்கு நேர் எதிரே தோன்றும் தண்டு.

வேர்களுக்கு மண்ணுக்குள்தான் வேலை என்பதும் உண்மையன்று. ஆலம்விழுது முதலில் காற்றில் மெல்லிய இழையாகத் தொங்கி, மண்ணைத் தொட்ட பிறகே ஆண்டுதோறும் பருத்துத் தூணாகிறது. கொல்கத்தாவை அடுத்த தாவரவியல் பூங்காவின் பெரிய ஆலமரத்தில் நோயுற்ற நடுமரம் 1925இல் அகற்றப்பட்டுவிட்டது. விழுதுகளே தாங்கி, விழுதுகளே ஊட்டி அந்த மரம் இன்றும் பரவிக்கொண்டிருக்கிறது. சென்னை அடையாறு ஆலமரத்தின் நடுமரமும் 1989ஆம் ஆண்டுப் புயற்காற்றில் சாய்ந்தது. பிச்சாவரத்தில் படகில் செல்கிறவர்கள் சுரபுன்னையின் வளைந்த முட்டுவேர்களைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அதைவிட வியப்பானது, வெண்கண்டல் மரங்களைச் சுற்றிச் சேற்றிலிருந்து மேல்நோக்கி நிமிர்ந்து நிற்கும் குச்சிகள். அந்தச் சேற்றில் உயிர்வளி ஏறத்தாழ இல்லை. மண்ணுக்குள் இருக்கும் வேர்களுக்கு மூச்சு வேண்டி, புவியீர்ப்புக்கு எதிராக வளர்ந்து, தோலில் உள்ள துளைகள் வழியே காற்றை உள்ளே கொண்டுபோகும் சுவாச வேர்கள் அவை. வேர் கீழே போகும் என்ற விதியை வகுப்பில் படித்துவிட்டு வருகிற பிள்ளைக்கு இதைக் காட்டினால் அவன் கேட்கும் கேள்விகள் நல்ல கேள்விகளாக இருக்கும்.

பூவுக்கு வருகிறேன். பூவின் பகுதிகள் யாவும் ஒரே அடிப்படை உறுப்பின் வேறுபட்ட வடிவங்கள் என்று ஜெர்மானியக் கவிஞர் கோத்தே 1790இல் எழுதினார். அதற்கு மரபணு அடிப்படை 1991இல் கிடைத்தது. கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அராபிடாப்சிஸ், அழகுச்செடியான ஸ்நாப்டிராகன் ஆகியவற்றின் பிறழ்ச்சிகளை ஆராய்ந்த என்ரிகோ கோயன், எலியட் மேயரோவிட்ஸ் ஆகியோர், ஏ, பி, சி என்னும் மூன்று வகை மரபணுக்கள் சேரும் விதத்தைப் பொறுத்தே பூவின் நான்கு வட்டங்களும் அமைகின்றன என்று விளக்கினார்கள். ஏ வகை தனித்து இயங்கினால் புல்லி இதழ். ஏயும் பியும் சேர்ந்தால் அல்லி இதழ். பியும் சியும் சேர்ந்தால் மகரந்தத்தாள். சி தனித்து இயங்கினால் சூலகம். மூன்றையும் செயலிழக்கச் செய்த அராபிடாப்சிஸ் செடியில் பூ இருக்க வேண்டிய இடத்தில் இலை போன்ற உறுப்புகளே வந்தன. கோத்தேயின் ஊகம் இவ்வாறு மெய்ப்பட்டது.

இதைப் பார்க்க ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை, வீட்டு வாசலில் இருக்கும் அடுக்குச்செம்பருத்தி போதும். ஒற்றைச் செம்பருத்தியில் ஐந்து இதழ்களுக்கு நடுவே நீண்ட குழாய் ஒன்று நிற்கும். அதன்மேல் மகரந்தத்தாள்கள், உச்சியில் ஐந்து சூல்முடிகள். அடுக்குப்பூவில் அந்தக் குழாய் சிதைந்து, மகரந்தத்தாள் இருக்க வேண்டிய இடங்களில் இதழ்கள் நெருங்கியிருக்கும். பொறுமையாக ஒவ்வொன்றாகப் பிரித்தால், பாதி இதழாகவும் ஓரத்தில் மஞ்சள் மகரந்தப்பை ஒட்டியபடியும் இருக்கும் இரண்டுங்கெட்டான் உறுப்புகள் சில கிடைக்கும். மகரந்தத்தாள் இதழாக மாறும் வழியிலேயே நின்றுவிட்ட நிலை அது. அடுக்குப்பூச் செடிகள் காய்ப்பது அரிதாகி, குச்சியை நட்டே அவற்றைப் பெருக்க வேண்டியிருப்பதும் இதனால்தான்.

வாழைப்பூவை ஆய்ந்தவர்களுக்கும் மலர் உறுப்புகள் நன்கு பழக்கமானவையே. செந்நிற மடல் பூவடிச்செதில். ஒவ்வொரு சிறுபூவிலிருந்தும் வேகாது என்று நாம் கிள்ளி எறியும், தலை பருத்த தீக்குச்சி போன்ற கள்ளன், சூல்தண்டும் சூல்முடியும். அதனோடு எடுத்துவிடும் கண்ணாடி போன்ற செதில், ஒட்டாமல் தனித்து நிற்கும் ஓர் இதழ். மரம் என்று நாம் சொல்வது இலைக்காம்புகளின் உறைகள் ஒன்றன்மேல் ஒன்று சுற்றிய பொய்த்தண்டு. மெய்யான தண்டு மண்ணுக்குள் இருக்கிறது. அது பூக்கும் காலத்தில் உறைகளின் நடுவே மேலேறி வரும்போது நமக்குக் கிடைப்பதுதான் கூட்டுக்கு அரியும் வாழைத்தண்டு.

அட்டவணையில் இடம்பெறாத இரண்டு பொருள்களையும் சேர்த்திருக்கலாம். சாலையோர வண்டிகளில் இப்போது விற்கும் தேங்காய்ப்பூ, பூவுக்கு எந்த வகையிலும் உறவில்லாதது. நெற்றின் மூன்று கண்களில் மென்மையான ஒன்றின் அடியில் இருக்கும் கரு முளைக்கும்போது, கருவிலேயே அமைந்த இலையான வித்திலையின் நுனி ஓட்டுக்குள் பஞ்சாகப் பருத்து, நீரையும் பருப்பையும் உறிஞ்சி, வெளியே வளரும் கன்றுக்கு அனுப்புகிறது. நாம் தின்பது அந்த உறிஞ்சும் வித்திலையை. பனையிலும் கொட்டைக்குள் தவுனாகக் கிடைப்பது இதுவே. ஆனால் பனங்கிழங்கு வேறு. பனங்கொட்டை முளைக்கும்போது வித்திலையின் காம்பு கருவைச் சுமந்துகொண்டு மண்ணுக்குள் இறங்கி, அடியில் கொண்டுபோய் விடுகிறது; அங்கே வளரும் நாற்றின் முதல் இலையுறை மாவுச்சத்தைச் சேர்த்துப் பருப்பதே தைப்பொங்கலுக்குச் சந்தைக்கு வரும் கிழங்கு. அவித்ததைப் பிளந்தால் நடுவே மெல்லிய குருத்து ஒன்று இருப்பதைப் பார்க்கலாம். யாழ்ப்பாணத்தில் ஒடியலாகக் காய்வதும் இதே இலையுறைதான்.

பதினோராம் வகுப்புத் தாவரவியல் நூலில் இந்த உருமாற்றங்கள் பேசப்படுகின்றன. தாவரவியலை எடுக்காத பிள்ளைகள் அதைப் பார்ப்பதே இல்லை. அவர்களுக்குக் கடைசியாக நினைவில் நிற்பது கீழ்வகுப்புகளில் படித்த பட்டியலும் தங்கள் மாணவர் பக்கம் போன்றவையுமே. எனவே கீழ்வகுப்புகளில் பட்டியலை மனப்பாடம் செய்ய வைப்பதற்குப் பதிலாக, காய்கறிக்கடையிலிருந்து பொருள்களை வாங்கி மேசையில் வைத்து, கணு எங்கே, மொட்டு எங்கே என்று பிள்ளைகளையே தேடச் சொல்லலாம். இதற்கு ஆகும் செலவு ஓர் அச்சிட்ட விளக்கப்படத்தின் விலையைவிடக் குறைவு. கண்ணாடிச் சாடியில் பார்மலினில் ஊறி நிறமிழந்த மாதிரிகளை அலமாரிக்குள் பூட்டி வைத்திருக்கும் பள்ளிகள் இதைக் கவனிக்க வேண்டும். விடைக்குறிப்பு தயாரிப்பவர்களிடமும் ஒரு வேண்டுகோள்: காரணத்தோடு எழுதிய மாணவனின் விடை குறிப்போடு பொருந்தாதபோது, குறிப்பை ஒருமுறை சரிபார்த்துவிட்டு மதிப்பெண் இடுங்கள்.

மாணவர் பக்கத்தில் திருத்தம் வெளியிடுவதாக இருந்தால் அட்டவணையைக் கீழ்க்கண்டவாறு மாற்றலாம். வேர்: கேரட், முள்ளங்கி, பீட்ரூட், சர்க்கரைவள்ளி, மரவள்ளி, இவற்றில் முதல் மூன்றின் மேற்பகுதி வித்திலைக்குக் கீழுள்ள தண்டையும் சேர்த்துப் பருத்தது என்று ஓர் அடிக்குறிப்பும் தரலாம். தண்டு: உருளைக்கிழங்கு, இஞ்சி, மஞ்சள், சேனை, சேப்பங்கிழங்கு, வாழைத்தண்டு. இலையும் இலையின் பகுதியும்: கீரைகள், கறிவேப்பிலை, வெங்காயம், பனங்கிழங்கு. மொட்டு: பூண்டு. பூ: வாழைப்பூ, முருங்கைப்பூ, காலிஃபிளவர். கனி: கத்தரி, வெண்டை, மிளகாய் ஆகியவற்றோடு நிலக்கடலை, அதில் நாம் உண்பது உள்ளே இருக்கும் விதையை. முந்திரியைச் சேர்ப்பதாக இருந்தால் பழம் என்று உண்ணும் சதைப்பகுதியைக் கனி என்ற கட்டத்தில் போட்டுவிட வேண்டாம். அது பருத்த பூக்காம்பு, கனி அதன் நுனியில் தொங்கும் கொட்டையே.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர் ஒருவர்,
ஈரோடு மாவட்டம்.